சாவு வீட்டுப் பாட்டும் கிழிந்த சட்டையும்: வடசென்னைக் கானாவும் பங்க் இசையும்

சில ஆண்டுகளுக்கு முன் இராயபுரத்தில் ஒரு சாவு வீட்டிற்குச் செல்ல நேர்ந்தது. இறந்தவர் துறைமுகத்தில் சுமை தூக்கி வாழ்ந்தவர். என் மாணவர் ஒருவரின் தந்தை. சந்தின் முகப்பில் சாமியானாப் பந்தல் போட்டிருந்தனர். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் உடல். அதனைச் சுற்றிப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தனர். சற்று நேரம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்பதே என் எண்ணம். இரவு பதினோரு மணியளவில் நான்கு ஆடவர் வந்து பந்தலில் அமர்ந்தனர். ஒரு டோலக்கு, ஒரு டேப்பு, ஒரு சட்டி. ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தொடங்கினார். விடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

முதலில் கடவுளர் வணக்கம், அடுத்து அண்ணல் அம்பேத்கருக்கு வணக்கம். பிறகு இறந்தவரின் பெயரை எடுத்தார் பாடகர். அவர் எந்த ஷிப்டில் வேலைக்குப் போவார், காசிமேட்டில் நெத்திலிக்கு எப்படிப் பேரம் பேசுவார், தம்பியோடு எத்தனை ஆண்டு பேசாமல் இருந்தார், அந்தத் தம்பி இப்போது பந்தலின் எந்த மூலையில் நின்று அழுகிறார் என்பனவெல்லாம் பாட்டாயின. நடுநடுவே கேலியும் வந்தது, அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பதினெட்டு ஆண்டுகளாகப் புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களை வகுப்பில் நடத்திவரும் எனக்கு, கண் முன்னே நடப்பது கையறுநிலைதான் என்பது விளங்கப் பின்னிரவு நான்கு மணி ஆயிற்று. இதனைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே.

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு, மேலைநாட்டுப் பங்க் இசையும் அதனைச் சூழ்ந்தெழுந்த துணைப்பண்பாடும் வளர்ந்த வரலாற்றை எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். எழுத அமர்ந்தபோது அந்த இராயபுரத்து இரவு மீண்டும் மீண்டும் குறுக்கிட்டது. இலண்டனில் 1976இல் நிகழ்ந்ததைப் பற்றி நூல்கள் பல உள்ளன. அதனோடு ஒத்தெண்ணத்தக்க ஒன்று நம் வீட்டிலிருந்து பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில் நெடுங்காலமாக நிகழ்ந்துவருவதை நாம் எழுதினோமில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதத் துணிந்தேன். இரண்டும் ஒன்றென நிறுவுவது என் நோக்கமன்று. அவை பிரியுமிடமே எனக்கு முதன்மையாகப் படுகிறது.

‘பங்க்’ என்னும் ஆங்கிலச் சொல் பழங்காலத்தில் விலைமகளையும், பின்னர்ப் பொறுக்கியையும் போக்கிரியையும் குறித்த வசைச்சொல். வசையையே பெயராக்கி அணிந்துகொண்டதில் இவ்விசையின் இயல்பு பாதி விளங்கிவிடும். நியூயார்க்கில் 1973இல் திறக்கப்பட்ட சிபிஜிபி என்னும் சிறு மதுவகத்தில் பாடிய குழுக்கள் இதற்கு வித்திட்டன. 1974இல் தோன்றிய ரமோன்ஸ் குழுவினரின் முதல் இசைத்தட்டு 1976இல் வந்தது. அதிலுள்ள பாடல்களில் பல இரண்டு மணித்துளிக்கு மேல் நீளாதவை. அக்காலத்து ராக் இசையோ பெருஞ்செல்வர் கலையாகிவிட்டிருந்தது. இருபது மணித்துளி நீளும் பாடல்கள், விளையாட்டரங்கு நிறைய ஒலிபெருக்கிகள், பல்லாண்டுப் பயிற்சி வேண்டும் கிதார் ஆலாபனைகள். இவற்றை ஒதுக்கித் தள்ளிவிட்டு, மூன்று சுரக்கட்டு தெரிந்தால் போதும், பாட வா என்றது பங்க்.

இலண்டனுக்கு அது வந்து சேர்ந்த காலம் கவனிக்கத்தக்கது. 1976இல் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அவ்வாண்டே அந்நாட்டு அரசு பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டு நின்றது. தேம்ஸ் ஆற்றங்கரையின் பழைய கப்பல்துறைகள் 1960களின் இறுதியிலிருந்து ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 1981இல் கடைசித் துறைகளும் அடைபட்டன. பெட்டகக் கப்பல் வந்தபின் மூட்டை தூக்க ஆள் வேண்டியதில்லை; பெரிய கப்பல் நகருக்குள் நுழையவும் வேண்டியதில்லை. தந்தையின் வேலை தனக்குக் கிடைக்காது என்று தெரிந்துகொண்ட இளைஞர்களின் இசை இது என்று கூறுவது முழு உண்மையாகாது. கலைக்கல்லூரி மாணவர்களும் துணிக்கடை நடத்திய மால்கம் மெக்லாரன் போன்ற வணிகரும் இதில் பங்குகொண்டனர். ஆயினும் அந்தக் கசப்பு இல்லாதிருந்தால் இந்த இசைக்குச் செவி கிடைத்திராது.

செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு 1975இல் உருவாயிற்று. 1976 டிசம்பர் முதல் நாள் தொலைக்காட்சி நேர்காணலொன்றில் அவர்கள் உதிர்த்த வசைமொழிகளால் மறுநாள் நாளிதழ்கள் கொதித்தன. 1977இல் அரசியின் வெள்ளி விழாவை எள்ளி அவர்கள் வெளியிட்ட பாடலை பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. ஆயினும் அது விற்பனை வரிசையில் இரண்டாம் இடத்தை எட்டியது. அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள் தேம்ஸ் ஆற்றில் படகிலேறிப் பாடியவர்களைக் காவல்துறை கரைசேர்த்துச் சிலரைக் கைதுசெய்தது. இதே குழுவினர் அவ்வாண்டு மார்ச்சில் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தக் கையெழுத்திட்ட இடம் பக்கிங்காம் அரண்மனை வாசல். ஒரு வாரத்திற்குள் அந்நிறுவனம் அவர்களைக் கைகழுவியது. பக்கிங்காம் என்றவுடன் அவர்களுக்கு அரண்மனை, நமக்குக் கால்வாய். 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்டியவர்களின் உழைப்பால் நீட்டப்பட்டு, அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்ற அந்தக் கால்வாய்க் கரைக்குத்தான் இனி நாம் வரவேண்டும்.

சென்னையின் வடபகுதி உழைப்பால் எழுந்த ஊர். இராயபுரம் புகைவண்டி நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை அங்கிருந்தே புறப்பட்டது. 1870களில் தொடங்கிய துறைமுகப் பணியை 1881இல் ஒரு புயல் சிதைத்தும் மீண்டும் கட்டினர். அதே ஆண்டுகளில் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் எழுந்தன. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது இவ்வாலைத் தொழிலாளரைக் கொண்டே, பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் அவர்களிடையே பேசினர். விடுதலைக்குப் பின் எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் என்ஃபீல்டு, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை, 1970இல் எண்ணூர் அனல் மின்நிலையம் எனத் தொழிற்சாலைகள் கடற்கரை நெடுகப் பரவின. செங்கற்பட்டு, வடஆற்காடு, நெல்லூர் மாவட்டங்களிலிருந்து நிலமற்றோர் வந்து குவிந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் விட்டுவந்ததாக எண்ணிய சேரி, நகரத்தில் குப்பம், காலனி என்ற பெயர்களோடு காத்திருந்தது. பின்னர் இங்கும் பெட்டகம் வந்தது: சென்னைத் துறைமுகத்தின் பெட்டக முனையம் 1983இல் செயற்படத் தொடங்கியது. பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. எண்ணூர் அனல் மின்நிலையம் 2017இல் நிறுத்தப்பட்டது. தேம்ஸ் கரையில் நிகழ்ந்தது வங்கக் கரையிலும் நிகழ்ந்தது. சற்றே பிந்தி, சற்றே மெதுவாக.

இம்மக்களிடையே பிறந்ததே கானா. இந்தியிலும் உருதுவிலும் பாட்டு என்பதைக் குறிக்கும் இச்சொல்லே இதன் கலப்புக்குச் சான்று. வடசென்னை வழக்கில் பேஜாரும் நாஸ்தாவும் உருதுவிலிருந்து வந்தவை. துட்டு டச்சுக்காரரின் காசிலிருந்து வந்தது. ‘குந்து’ என்பதோ பழந்தமிழ். மெட்டிலும் இக்கலப்பு உண்டு. தர்காவில் பாடும் பக்கீர்களின் பாட்டும், தெருக்கூத்தின் விருத்தமும், இந்தித் திரைப்பாட்டும், கிறித்தவக் கீர்த்தனையும் தயக்கமின்றி அங்கே ஒன்றாகும். இலண்டனிலும் அவ்வாறே நடந்தது. 1977இல் ராக்சி என்னும் கூடத்தில் இசைத்தட்டு இயக்கிய டான் லெட்ஸ், பங்க் தட்டுகள் அப்போது மிகச் சிலவே இருந்தமையால், மேற்கிந்தியத் தீவினரின் ரெகே இசையையே மிகுதியும் ஒலிக்கவிட்டார். தி கிளாஷ் குழுவினர் அவ்வாண்டே ரெகே பாடலொன்றைத் தம் முறையில் பாடிப் பதிந்தனர். அடுத்த வீட்டுக்காரனின் பாட்டு சுவரைத் தாண்டி வருவதற்கு யாரிடமும் இசைவு கேட்பதில்லை.

பொருள்மரபில் கானாவின் வேர் சித்தர் பாட்டில் இருக்கிறது என்பர். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. உடல் காற்றடைத்த பை, உறவு சுடுகாடுமட்டும் என்ற பட்டினத்தாரின் குரல்தான் இன்றும் சாவு வீட்டுக் கானாவில் ஒலிக்கிறது. அவருடைய சமாதி இருப்பது திருவொற்றியூர்க் கடற்கரையில். ஆய்வாளர் இதனைத் தற்செயல் என்று கொள்ளலாம். அப்பகுதி மக்கள் அவ்வாறு கொள்வதில்லை. பட்டினத்தாரைத் தம் தெருக்காரராகவே பேசுவர்.

அச்சு வழியிலும் ஓர் ஒப்புமை உண்டு. இலண்டனில் 1976 ஜூலையில் மார்க் பெர்ரி என்னும் இளைஞர், தட்டச்சு செய்த தாள்களை நகலெடுத்துத் தைத்து ‘ஸ்னிஃபிங் க்ளூ’ என்ற பெயரில் இதழொன்றை வெளியிட்டார். எழுத்துப்பிழைகளைத் திருத்தாமலே அச்சிட்ட அவ்விதழைப் பார்த்து நூற்றுக்கணக்கான சிற்றிதழ்கள் முளைத்தன. நம் ஊரில் இதற்கு அரை நூற்றாண்டு முன்பே குஜிலிக் கடைகளில் காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள் மலிவுத்தாளில் குவிந்து கிடந்தன. கொலை, புயல், இரயில் விபத்து, விலைவாசி என எது நடந்தாலும் மறுவாரமே சிந்து வடிவில் அது விற்பனைக்கு வந்துவிடும். விற்பவரே தெருவில் பாடியும் காட்டுவார். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்னும் நூலில் இவற்றை ஆராய்ந்திருக்கிறார். அந்நூல் வரும்வரை, இவற்றை இலக்கியம் என்று அழைக்கத் தமிழ்த்துறைகளுள் பலவும் கூசின. இன்றும் கூசுவோர் உண்டு. கருத்தரங்கொன்றில் நான் கானாவைப் பற்றிக் கட்டுரை படித்தபோது, மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, ‘அம்மா, நாட்டுப்புறப் பாடல் என்றால் வயல்வெளி வேண்டாமா?’ என்று வினவினார். அவையோர் சிரித்தனர். நா. வானமாமலை முதலியோர் நாட்டுப்பாடல்களைத் தொகுத்துப் பெரும்பணி ஆற்றிய காலத்திலேயே, நகரத்துச் சேரியில் பாடுவோரும் நாட்டார்தாமே என்ற வினா எழுந்திருக்க வேண்டும். அது பெரிதும் எழவில்லை.

கானாவுக்கு வாத்தியம் என்று கட்டாயமாக எதுவும் இல்லை. சட்டி, கட்ட மோளம், டோலக்கு கிடைத்தால் நன்று. இல்லையேல் தீப்பெட்டியும் மேசைப்பலகையும் போதும். வடக்கிலிருந்து வரும் என் மாணவர்கள் மதிய இடைவேளையில் பெஞ்சைத் தட்டிப் பாடுவர். பேருந்தின் பக்கத்தகட்டைத் தட்டிப் பாடுவது ‘ரூட்டு கானா’. தம் வழித்தட எண்ணையே கொடியாக்கிக்கொண்டு அதனால் கைகலப்பில் இறங்குவோரும் அவர்களே. இதனைப் போற்றுவதற்கில்லை. பங்கின் மூன்று சுரக்கட்டு போலவே இங்கும் ஆசிரியர் இல்லை, அரங்கேற்றம் இல்லை, சபா இல்லை. பாடத் தெரிந்தவன் பாடுவான்; அடுத்தவன் அதனைத் திருப்பிப்போட்டுத் தன் பாட்டாக்குவான். யார் இயற்றியது என்று கேட்டால் சிரிப்பே விடையாகக் கிடைக்கும்.

இதுவரை ஒப்புமை. இனி வேறுபாட்டுக்கு வருவோம்.

‘நாளை’ என ஒன்றில்லை என்பது பங்கின் முழக்கம். தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய எதிர்காலம் பறிபோயிற்று என்பவனின் குரல் அது. ஒரு காலத்தில் அது உறுதியளிக்கப்பட்டிருந்தது என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது. பிரித்தானியத் தொழிலாளியின் மகனுக்கு இலவச மருத்துவமும் பள்ளியும் நகராட்சி வீடும் வாக்களிக்கப்பட்டிருந்தன. வடசென்னைச் சுமைதூக்கியின் மகனுக்கு அப்படி எதனையும் எவரும் வாக்களிக்கவில்லை. ஆகவே அவனுடைய பாட்டு முறிந்த வாக்குறுதியிலிருந்து தொடங்குவதில்லை. இறந்த மனிதனிடமிருந்து தொடங்குகிறது. செய்தித்தாளில் இடம்பெறாத, நடுகல் எழுப்பப்படாத, நினைவு மலர் வெளியிடப்படாத ஒருவனின் பெயரை விடியும்வரை உரக்கச் சொல்வதுதான் மரண கானா. சங்கப் புலவர் வள்ளலுக்கும் மன்னனுக்கும் பாடிய கையறுநிலையை இவர்கள் கிரேன் ஓட்டுநருக்கும் மீன் சுமப்பவளுக்கும் பாடுகின்றனர். பங்க் சமூகத்தைத் திட்டுகிறது. கானா தன்னவரை எண்ணிக்கையில் சேர்க்கிறது. இரண்டும் எதிர்ப்பே. எனினும் இரண்டாவதற்குக் கோபம் மட்டும் போதாது. இறந்தவரின் தம்பி பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

உடை பற்றிய வேறுபாடு இன்னும் கூர்மையானது. பங்க் இளைஞர் நல்ல சட்டையைக் கிழித்து ஊசி குத்தி அணிந்தனர். தலைமயிரைக் கூராக நிறுத்திச் சாயம் பூசினர். டிக் ஹெப்டிஜ் என்னும் ஆய்வாளர் 1979இல் எழுதிய துணைப்பண்பாடு பற்றிய நூலில், இவ்வணிகளையே ஒரு மொழியாக வாசித்துக் காட்டினார். ஆனால் கிழியாத சட்டை உடையவனுக்குத்தான் கிழிப்பது கலகமாகும். நல்லாடை உடுத்தினான், மீசை முறுக்கினான், செருப்பணிந்தான் என்பதற்காக அடிபட்ட மரபில் வந்தவன் சட்டையைக் கிழித்துக்கொண்டால் அதில் என்ன கலகம்? 2018 ஜனவரி 6ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் முதன்முதலாக மேடையேறினர். அவர்கள் பத்தொன்பது பேர். கானாப் பாடகர்களும் ராப் பாடுவோரும் ராக் கலைஞர்களும் அதில் இருந்தனர். அவர்கள் அணிந்திருந்தது கோட்டும் சூட்டும். சட்டமேதை அம்பேத்கரின் நீலக் கோட்டைச் சிலைகளில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அதே வேளையில் தலைமயிர்க் கலகமும் இங்கு இல்லாமற் போகவில்லை. 2019 அளவில் ஒரு கானாப் பாட்டின் வழியே ‘புள்ளிங்கோ’ என்னும் சொல் தமிழகமெங்கும் பரவிற்று. நண்பர் கூட்டத்தைக் குறித்த சொல் அது. விரைவில், சாயமடித்த முடியும் இறுக்கமான கால்சட்டையும் அணிந்த ஏழை இளைஞரை இகழும் சொல்லாக மாறியது. நகைச்சுவைக் காணொளிகள் குவிந்தன. அந்த ‘வெட்டு’ வெட்ட வேண்டாம் என முடிதிருத்துவோரைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் கேட்டுக்கொண்ட செய்திகளும் வந்தன. 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தில் காவல்துறை அறுபதுக்கு மேற்பட்ட பங்க் இளைஞரைப் பிடித்துத் தலையை மழித்தது. எண்ணெய்ச் சாயம் போனதும் ஒழுக்கம் வந்துவிடும் என்ற நம்பிக்கை ஊர்தோறும் உண்டு போலும். என் வகுப்பிலும் அத்தகைய முடியோடு இருவர் இருந்தனர். ஒருவர் யாப்பருங்கலக்காரிகையில் என்னையே திருத்தியவர்.

கலகம் சந்தைக்கு வரும் கதையை விரித்துரைக்கத் தேவையில்லை; அது எங்கும் ஒன்றே. பங்க் சட்டைகள் சில ஆண்டுகளிலேயே பெருங்கடைகளில் விலைச்சீட்டோடு தொங்கின. கானாவைத் திரைக்குப் பெருமளவில் கொண்டுவந்தவர் இசையமைப்பாளர் தேவா. 1996இல் வெளிவந்த ‘காதல் கோட்டை’யில் அவரே பாடிய பாட்டு மூலைமுடுக்கெல்லாம் ஒலித்தது. எனினும் அக்காலத் திரையில் கானா பெரும்பாலும் நாயகன் குடித்துவிட்டு ஆடும் இடமாகவே நின்றது. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ வழியே கானா உலகநாதன் திரையிலேயே தோன்றிப் பாடினார். 2012இல் பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ புளியந்தோப்பைச் சேர்ந்த கானா பாலாவின் குரலை நாடறியச் செய்தது. 2014இல் ‘மெட்ராஸ்’ படத்தில் அவர் குரலில் இரங்கற்பாட்டு, இரங்கற்பாட்டாகவே ஒலித்தது. சாவு வீடுகளில் பாடிப் புகழ்பெற்ற மரண கானா விஜி, 2015இல் ‘அனேகன்’ படத்தில் பாடினார். அவருடைய பெயரிலுள்ள ‘மரண’ என்னும் அடைமொழியைத் திரையுலகம் நீக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

குறைகளையும் மறைக்கலாகாது. பங்கின் தொடக்க நாள்களில் அதிர்ச்சிக்கென நாஜிச் சின்னத்தை அணிந்தவர்கள் இருந்தனர். அதன் ஒரு கிளை வெளிப்படையான இனவெறியில் சென்று முடிந்தது. அதனை எதிர்த்து 1976இல் ‘இனவெறிக்கெதிராக ராக்’ இயக்கம் தோன்றி, 1978 ஏப்ரல் 30இல் இலண்டன் விக்டோரியா பூங்காவில் பல்லாயிரவரைத் திரட்டிற்று. கானாவின் நோய் வேறு: பெண்ணை ஏமாற்றுக்காரியாகவும் வெறும் உடலாகவும் பாடுவது. மறுத்த பெண்ணை வெட்டுவேன் என்பது காதற்பாட்டாக வலம் வருகிறது. சிறுமியரைக் கொச்சைப்படுத்திய பாட்டுக்காகப் பாடகர் ஒருவர் கைதானதும் உண்டு. அடித்தள மக்களின் குரல் என்பதால் இதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. அக்குப்பத்துப் பெண்ணும் அடித்தளத்தவளே.

சாவு வீட்டில் இதன் அமைப்பே கண்கூடு. உள்ளே உடலருகில் பெண்கள் ஒப்பாரி பாடுவர். வெளியே பந்தலில் ஆண்கள் கானா பாடுவர். ஒப்பாரிக்கு ஒலிபெருக்கியும் கூலியும் பெரும்பாலும் இல்லை. இறந்தவரின் வாழ்வைச் சொல்லி அழும் முறையைக் கானா யாரிடம் கற்றது என்று எண்ணிப் பார்த்தால், வாசற்படிக்கு உள்ளேயிருந்துதான் கற்றிருக்க முடியும். ஆயினும் வாசலைத் தாண்டி வந்து பாடும் பெண்ணுக்கு நெடுங்காலம் இடமில்லை. இலண்டனில் 1976இலேயே தி ஸ்லிட்ஸ் என்னும் பெண்கள் குழுவும், சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பாலி ஸ்டைரீன் பாடிய எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவும் தோன்றிவிட்டன. இங்கு இராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி, காஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடத் தொடங்கியபின்தான் கானா பாடும் பெண் ஒருவரைத் தமிழகம் பரவலாக அறிந்தது. 2020இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. கோயில் நுழைவைப் பற்றி அவர் முன்னர்ப் பாடிய பாடலொன்று 2024 நவம்பரில் மீண்டும் கிளப்பப்பட்டு, அவருக்கு மிரட்டல்கள் குவிந்தன.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவைப் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கினர். சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த கருத்திலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக்கொலை என அரங்குகளில் பேசக்கூசியவற்றை அவர்கள் கிதாரும் சட்டியும் சேர்த்துப் பாடினர். வடசென்னையில் பங்க் என ஒன்று உண்டெனில், கிதாரும் கானாவும் கைகோத்த இந்த மேடைதான் அது. 2020 டிசம்பரில் நீலம் மையம் ‘மார்கழியில் மக்களிசை’ விழாவைத் தொடங்கியது. சபாக்களின் மாதத்தில் பறையும் ஒப்பாரியும் கானாவும் மேடையேறின. அக்குழுவில் இருந்த அறிவு 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’யில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் தலைமுறையைப் பாடினார். அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு, அப்பாட்டையும் குறிப்பிட்டு அட்டைப்படம் வெளியிட்டபோது, அதில் அவர் இல்லை. கண்டனம் எழுந்தபின் அவருக்கெனத் தனி அட்டை வந்தது.

கடல் கடந்த தமிழரிடையே இவ்விரு ஆறுகளும் ஒருமுறை கலந்தன. இலண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட ‘கலா’ தொகுப்பின் ஒரு பகுதியைச் சென்னையில் பதிவுசெய்தார். அதில் உறுமி ஒலிக்கிறது. அதே தொகுப்பில் உலகெங்கும் புகழ்பெற்ற பாடலின் அடித்தளமாக அமைந்தது, தி கிளாஷ் குழுவினர் 1982இல் பாடிய, கைவிடப்பட்ட குடியேறிகளைப் பற்றிய பாட்டின் இசைத்துணுக்கு.

எண்ணூரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் டி. எம். கிருஷ்ணா, காபர் வாசுகி எழுதிய புறம்போக்குப் பாடலை எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் மேட்டில் நின்று கருநாடக இராகங்களில் பாடினார். அனல் மின்நிலையச் சாம்பலால் கொசத்தலையாற்றின் கழிமுகம் தூர்ந்துவருவதைச் சபாவுக்குச் செல்வோரின் செவிக்குக் கொண்டுசென்ற பாட்டு அது, துணிவான செயல். அம்மாத இறுதியிலேயே எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது; 2023 டிசம்பர் வெள்ளத்தில் மீண்டும் கழிமுகமெங்கும் எண்ணெய் படர்ந்தது. ஆயினும் எண்ணூரைப் பற்றி வெளியார் பாடியது செய்தியாயிற்று. எண்ணூர்க் குப்பங்களில் இறந்தவரின் நெஞ்சுச்சளியையும் வலையில் ஏறாத இறாலையும் ஒவ்வொரு சாவிலும் பாடிவரும் பாட்டு செய்தியாகவில்லை. இதில் கிருஷ்ணாவின் குற்றம் ஏதுமில்லை. கேட்கப் போகாதவர் நாம்.

அந்த இராயபுரத்துப் பாட்டை எழுதித் தரும்படி என் மாணவரிடம் பின்னர்க் கேட்டேன். அவர் பாடகரிடம் சென்று கேட்டிருக்கிறார். அன்றிரவு பாடியதை மீண்டும் பாட வராது, அது உங்கப்பாவுக்குப் பாடியது என்று அவர் சொல்லிவிட்டாராம். கைப்பேசியில் ஒருவர் பதிந்திருந்தது நாற்பது நொடி மட்டுமே. அதிலும் பாதி அழுகை. மாணவருக்கும் அவர் தாயாருக்குமாக நினைவில் எஞ்சியவை ஒன்பது அடிகள். அவற்றை ஒரு தாளில் எழுதித் தந்தார். மலருக்குத் தரலாமா என்று கேட்டேன். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.